கடல்காற்று வைத்தியம்

போன மாதம் நம் வகுப்புக்காரி ஒருத்தியின் பேத்தி கல்யாணத்தில், சாப்பாடு முடிந்து மண்டபத்து மின்விசிறிக்கு அடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "அஞ்சாங்கிளாஸ் லீவுக்கு இவ கடலுக்குப் போயிட்டு ஒரு பை சிப்பியோட வந்தாளே, நெனப்பிருக்கா? எனக்கு வயித்தெரிச்சல்ல சோறே எறங்கல." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஆளாளுக்கு அந்தக் காலத்து லீவு மாதிரி வருமா என்று ஆரம்பித்தீர்கள். நான் காரை வரச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று பின்னால் பேசினீர்களாம். சரியாகத்தான் பேசியிருக்கிறீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை.

அந்த லீவில் என்ன நடந்தது என்று இத்தனை வருஷம் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அதில் வருகிற பெரியவர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. யார் மனசும் புண்படும் என்று நான் பயப்பட வேண்டியதில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பா சொல்வதுதான் சட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். மேலநீலிதநல்லூர் பக்கம் இருந்த நிலத்தையெல்லாம் அவர்தான் பார்த்தார். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸில் மேலதிகாரிக்குக் கை கட்டி நிற்பவர் வீட்டுக்கு வந்து அண்ணனுக்குக் கை கட்டி நிற்பார். பெரியப்பா பெரியம்மாவுக்குப் பிள்ளையில்லை. நானும் தம்பியும்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள். தம்பிக்கு அப்போது நாலு வயசு.

தை கழிந்ததிலிருந்து அம்மாவுக்கு இருமல். சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். கன்னம் மட்டும் குங்குமம் பூசினது போலச் சிவந்திருக்கும். அதைப் பார்த்து அம்மா அழகாகிக்கொண்டே வருகிறாள் என்று நான் நினைத்தேன். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெஞ்சில் பூசினார்கள். வைத்தியர் லேகியம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனா ஊரே பாக்கும். ஆவணியில தங்கச்சி கல்யாணம் இருக்கு. வீட்டுல சீக்காளி இருக்கான்னு தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக் கரிவலத்துக்காரன் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிருவான். கடக்காத்து பட்டா எல்லாம் சரியாப் போகும். தெனம் கடல்ல முங்குனா சளி அத்துரும்."

அவருக்கு இந்த வைத்தியத்தை யார் சொன்னார்களோ தெரியாது. யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊர்க் கண்ணில் படாத வைத்தியம் அவருக்குத் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு. "லீவுக்குக் கடலோரம் போகப் போறோம், மக்கா!" என்று பெரியம்மா கையைத் தட்டிச் சொன்னாள். நான் தெருத் தெருவாக ஓடி உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்த சித்திரை அது. கிணற்றில் வாளி தரைதட்டும். குளிக்கிற தண்ணீருக்கு அளவு வைத்திருந்த ஊரிலிருந்து ஒருத்தி கடலுக்குப் போகிறாள் என்றால் உங்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்!

ரயிலில் தென்காசி வழியாகத் திருநெல்வேலி, அங்கிருந்து திருச்செந்தூர். அதற்கப்புறம் தெற்கே மாட்டு வண்டி. திருச்செந்தூரிலேயே தங்கினால் நம் ஊர்க்காரர்கள் யாராவது கோயிலுக்கு வருவார்கள் அல்லவா? அதற்காக, யாரும் வராத ஒரு சின்னக் கடலோர ஊரில் பெரியப்பா வீடு பிடித்திருந்தார். ரயிலில் அம்மா பெஞ்சியின் ஓரத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தம்பி அம்மா மடிக்குப் போக வேண்டும் என்று கத்தினான். பெரியம்மா அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா சாமிக்கு நேந்திருக்கா. கடல்ல முங்கி விரதம் முடியுத வரைக்கும் பிள்ளைகளைத் தொடப்படாது. தொட்டா சாமி குத்தம் ஆயிரும்."

நான் நம்பினேன். தம்பி நம்பினான். எங்கள் மேல் உள்ள பிரியத்தில் அம்மா ஏதோ பெரிய நேர்ச்சை ஏற்றிருக்கிறாள் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

கடலை முதலில் பார்த்ததை என்ன சொல்ல! செம்மண் தேரி, அதில் ஆள் ஆளாக நிற்கும் பனைகள், வண்டி ஒரு மேட்டில் ஏறியதும் பனைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு நீலம். தம்பி ஓடிப்போய் ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினான். "யாரு இதுல உப்பப் போட்டா?" என்று அழுதான். அம்மா அன்றைக்குச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது. காலையில் பனையிலிருந்து இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காய்க் கீற்றைப் போட்டுக் குடிப்போம். நுங்கை விரலால் தோண்டுவோம். கட்டுமரங்கள் கரை ஏறும்போது வாலைத் துள்ளவிடும் மீன்களைப் பார்க்க ஓடுவோம். பாவாடை ஓரம் உப்புப் பூத்து அட்டை மாதிரி விறைத்து நிற்கும். தலையில் மணல், படுக்கையில் மணல், சோற்றிலும் நறநறவென்று மணல். நண்டு வளைக்குள் கையை விட்டு, கடி வாங்கி, கத்தி, மறுபடியும் கையை விடுவோம். அப்படி ஒரு சுதந்திரம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சந்தோஷத்தை அவர்கள் எங்களுக்குப் போக்குக் காட்டத்தான் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது போல எங்களுக்கு ஒரு கடலை ஆட்டினார்கள்.

விடிகிற வேளையில் பெரியம்மா அம்மாவைக் கரைக்குக் கூட்டிப் போவாள். கரையில் நின்று, "இன்னும் உள்ள போ, நல்லா முங்கு" என்பாள். எலும்பும் தோலுமான அம்மா அலையில் தடுமாறி முங்குவாள். ஈரச் சேலையோடு காற்றில் நடந்து வீடு சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துப் பல் கிடுகிடுக்கும். மத்தியானம் காய்ச்சல் ஏறும். "சீக்கு வெளியேறுது. அதான் ஒடம்பு சுடுது" என்பாள் பெரியம்மா. பெரியம்மா கெட்டவள் இல்லை. புருஷன் சொன்னதைச் செய்தாள். ஆனால் தம்பி ராத்திரி முழுக்கத் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதை அப்போது அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்புதான். அடுத்தவள் பிள்ளை மேல் வந்த அன்பு.

முற்றத்தில் அம்மாவுக்கு ஒரு ஓலைப் பந்தல். அதன் கீழே கயிற்றுக் கட்டில். தனியாக ஒரு அலுமினியத் தட்டு, ஒரு தம்ளர். நாங்கள் தள்ளி நின்று அவளுக்கு வேடிக்கை காட்டுவோம். தம்பி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து காட்டுவான். அம்மா கையைத் தட்டுவாள். சத்தமே வராது. அந்தக் கையில் சதை இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். ஒரு நாள் மத்தியானம் எங்கள் முற்றத்து வழியாகப் போனவர் நின்றுவிட்டார். அம்மா இருமிவிட்டு, தரையில் எதையோ காலால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச தூரத்தில் சிப்பி கோத்துக்கொண்டிருந்தேன். மணலில் சிவப்பாகத் தெரிந்தது. வெற்றிலை எச்சில் என்று நினைத்தேன். அம்மா வெற்றிலை போடமாட்டாள் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

டீச்சர் குடையை மடக்கிவிட்டு அம்மாவுக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

"மாசிக் கடைசியில இருந்து."

"வீட்டுல யாருகிட்டயாவது சொன்னியளா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. "கூடப் பெறந்த தங்கச்சிய இதே சீக்குல பறிகொடுத்தவ நான். அப்ப மருந்து கெடையாது. இப்ப ஊசி வந்துட்டும்மா. மிஷன் ஆஸ்பத்திரியில போடுதாங்க. ரொம்ப நாள் அங்கனயே கெடக்கணும். ஆனா பொழச்சு வாராங்க, நான் கண்ணால பாத்துருக்கேன். இப்படிக் கடல்ல முங்கிக்கிட்டு இருந்தியள்னா செத்துப் போவிய."

அந்தச் சனிக்கிழமை ஊரிலிருந்து அப்பா வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் டீச்சர் அத்தனையும் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். டீச்சர் போன பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அண்ணாச்சிக்கு ஆள் அனுப்புதேன்" என்றார். பெண்டாட்டி ரத்தம் கக்குகிறாள். மருந்து இருக்கிறது. மாட்டு வண்டி தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவர் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார்.

பெரியப்பா வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சரையும் வரச் சொன்னார். அம்மா பந்தலுக்குக் கீழே நின்றாள். அதுவரை அம்மா பெரியப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எதுவானாலும் பெரியம்மா மூலம்தான்.

"ஆவணி மட்டும் பொறுக்கச் சொல்லு" என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னார். "கல்யாணம் முடியட்டும். அதுக்குப் பெறவு எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போகட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "ஆவணி மட்டும் நான் இருப்பேனா அத்தான்?"

பெரியப்பாவுக்கு அவள் கேட்ட கேள்வியைவிட, அவள் தன்னிடம் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

"வீட்டுல ஒரு பொண்ணு கல்யாணம் நிக்கப் போவுது. ஒனக்கு ஒன் உசிரு பெருசாப் போச்சு, என்ன?"

"ஆமா" என்றாள் அம்மா. "எனக்கு ரெண்டு பிள்ள இருக்கு. பெருசுதான்."

"போறதுன்னா போ. திரும்பி நம்ம வீட்டுக்கு வர முடியாது. அத யோசிச்சுக்கோ."

டீச்சர் எழுந்தார். "ஐயா, நீங்க படிச்சவுக மாதிரி தெரியுது. இப்படிப் பேசலாமா?" பெரியப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். பெருவிரலால் மணலைக் கீறினார். "அண்ணாச்சி சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்" என்றார்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் அடுப்பில் பால் பொங்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த ஒரு வாக்கியம் காதில் விழுகிறது எனக்கு. பெரியப்பாவை ஒரு மாதிரி மன்னித்துவிட்டேன் என்றே சொல்லலாம். அவர் கல் என்று தெரியும். கல்லோடு என்ன கோபம்? ஆனால் அப்பா அழத் தெரிந்த மனுஷன். நல்லவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர். அவரை என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் டீச்சரே வண்டி பிடித்துவந்தார். அம்மா ஒரு துணி மூட்டையோடு ஏறும் முன்னால் எங்களைக் கூப்பிட்டாள். பக்கத்தில் வரவேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"ஏட்டி, கேளு. எனக்கு நேர்ச்சையும் இல்ல, விரதமும் இல்ல. நெஞ்சுல சீக்கு. பக்கத்துல வந்தா ஒங்களுக்கும் ஒட்டிக்கிடும். அதான் தொடல. கொணமாயிட்டு வாரேன். தம்பியப் பாத்துக்கோ."

அந்த லீவில் ஒரு பெரியவர் எங்களிடம் சொன்ன முதல் உண்மை அது. எங்களைத் தள்ளி வைத்தது தப்பில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அதை ஏன் சாமி பேரில் சொல்ல வேண்டும்? தம்பி வண்டிக்குப் பின்னால் ஓடினான். பெரியம்மா அவனைத் தூக்கிக்கொண்டாள். அப்பா வண்டியோடு போகவில்லை.

இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்தோம். திருச்செந்தூரில் கோயில் கடையில் பெரியப்பா ஒரு பை நிறையச் சங்கும் சிப்பியும் வாங்கித் தந்தார். "ஒன் கூட்டாளிகளுக்கெல்லாம் குடு. கடலப் பத்திச் சொல்லு" என்றார். ஆம், நீங்கள் வாங்கிக்கொண்ட சிப்பிகள் நான் கரையில் பொறுக்கியவை இல்லை. உங்கள் வாயை அடைக்கக் கடையில் வாங்கியவை. ரயிலில் எங்களுக்குப் பாடம் நடந்தது.

"அம்மா எங்கன?"

"கொழும்புல."

"யாரு வீட்டுல?"

"மாமா வீட்டுல."

மாமா உண்மையிலேயே கொழும்பில்தான் இருந்தார். அதனால் பொய்க்கு வசதியாகப் போயிற்று. தம்பி அதை ஒரு பாட்டு மாதிரி பாட ஆரம்பித்தான். நாலு வயசுப் பிள்ளை, அம்மாவைத் தேடி அழ வேண்டிய வாயால், கொழும்புல கொழும்புல என்று ரயில் ஓசைக்குத் தலையாட்டிப் பாடினான். பெரியப்பா சிரித்தார். "கெட்டிக்காரன்" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியார் என்னை எழுப்பிக் கடலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் அலையைச் சொன்னேன், கட்டுமரத்தைச் சொன்னேன், நுங்கைச் சொன்னேன். நீங்கள் வாயைப் பிளந்து கேட்டீர்கள். "ஒங்கம்மா கொழும்புல இருந்து வரும்போது வாசனைச் சோப்பு கொண்டாரச் சொல்லுட்டி" என்று ஒருத்தி கேட்டாள். சரி என்று தலையாட்டினேன்.

ஆவணியில் அத்தை கல்யாணம் மேளதாளத்தோடு நடந்தது. அம்மாவை எங்கே என்று கரிவலத்துக்காரர்கள் கேட்டபோது, கப்பல் கிடைக்கவில்லை என்று அப்பாவே சொன்னார். அந்தப் பொய்யை அவர் திக்காமல் சொன்னார்.

அம்மா அதற்கு அடுத்த வருஷம் ஆடித்தபசு கழிந்து ஒரு மத்தியானத்தில் வந்தாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சிவப்பு போய் மாநிறம் திரும்பியிருந்தது. குரலில் கரகரப்பே இல்லை. "என்னட்டி, வளந்துட்ட" என்றாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் தலையைப் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டாள். டெட்டால் வாசம் அடித்தது.

"சீக்கு சுத்தமாப் போயிட்டு. பிள்ளைகளத் தூக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ" என்றாள் எல்லோரையும் பார்த்து. பெரியப்பா வெளியே வரவில்லை. தம்பி பெரியம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அவன் பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து நாளாகியிருந்தது.

பெரியம்மா காப்பி கொண்டுவந்தாள். அலுமினியத் தம்ளரில். கையில் தரவில்லை. அம்மாவுக்கு எட்டத்தில் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "மாட்டுத் தொழுவத்துப் பக்கத்து அறைய ஒழிச்சுப் போட்டிருக்கு. கொஞ்ச நாளைக்கு அங்கன இரி" என்றாள். அப்பா பக்கத்தில் நின்று, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்.

அம்மா அந்தத் தம்ளரைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். காப்பியை முழுக்கக் குடித்தாள். முற்றத்துத் தொட்டியில் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில செத்துக்கிட்டு இருந்தப்பக்கூட கையிலதான் தந்தாவ" என்றாள். மூட்டையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

நான் ஸ்டேஷன் வரை கூடவே ஓடினேன். அப்பாவும் பின்னால் வந்தார். தென்காசி வண்டி வருகிற நேரம். அம்மா அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியவள எங்கூட அனுப்புங்க. ஆஸ்பத்திரியில ஆயா வேல தாரேன்னு சொல்லியிருக்காவ. பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு. நான் வளத்துக்கிடுவேன்."

"அண்ணாச்சிகிட்டக் கேக்கணும்" என்றார் அப்பா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் ஒன்றை அவ்வளவு பலமாகப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அவர் கையைக் கடித்தேன். விடவில்லை. வண்டி போய்விட்டது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா எங்கே என்ற உண்மை மெல்ல மெல்ல ஊருக்குத் தெரிந்துவிட்டது. நீங்களும் நாசூக்காகக் கேட்பதை நிறுத்திக்கொண்டீர்கள். என் கல்யாணத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று தாரை வார்த்தார்கள். கல்யாணமான மறு மாதமே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நாளைக்கே போய்ப் பாப்போம்" என்றார். அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சீக்குக்காரர்கள் வார்டில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தம் கக்குகிறவர்களின் முதுகைத் தடவிக் கொடுப்பாள். பிறகு வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருந்தாள். என் பிள்ளைகளை அவள்தான் குளிப்பாட்டினாள். பெரியப்பா போனார், அப்பா போனார், பெரியம்மாவும் போனாள். எல்லோரையும்விட அதிக நாள் இருந்தது அவள்தான். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசமாட்டாள். "போகட்டும், விடுட்டி" என்பாள். அவள் விட்டதையெல்லாம் சேர்த்து நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

தம்பி வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வருவான். பழம், சேலை, ஸ்வீட் எல்லாம் கொண்டுவருவான். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "உடம்பு எப்படி இருக்கு?" என்று மரியாதையாக விசாரிப்பான். அம்மாவும் மரியாதையாகப் பதில் சொல்வாள். பிள்ளைகளை அவன் கூட்டி வந்ததே இல்லை. அவனாக முடிவு செய்ததில்லை அது. வளர்த்தவர்கள் அவன் உடம்புக்குள் வைத்துத் தைத்தது.

அம்மா தூக்கத்திலேயே போனாள். கூடத்தில் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்து அவள் கையையும் காலையும் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தம்பி வந்தான். அவனும் கிழவன்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்குப் பக்கத்திலேயே நின்றான். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் நகரவில்லை. நான் எழுந்து போனேன். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, நாலு வயசுக் குரலில் கேட்டான்:

"அக்கா, அம்மாவைத் தொடலாமா?"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் கன்னத்தில் வைத்தேன். கன்னம் சில்லென்று இருந்தது. அவன் கையை எடுக்கவே இல்லை.